பாக்கெட்டில் வைக்க ரிவால்வர்: .38ஆ, .32ஆ?

மறைத்து எடுத்துச் செல்ல உரிமம் கைக்கு வந்து சில மாதங்களாகிறது, துப்பாக்கிதான் இன்னும் முடிவாகவில்லை. வலது கட்டைவிரல் அடியில் மூட்டுவாதம். பிஸ்டலில் குண்டு ஏற்ற அதன் ஸ்லைடை, அதாவது மேல்பகுதியை, பின்னால் இழுக்க முடியாது. அதனால் ரிவால்வர் என்பதில் மாற்றமில்லை. பேன்ட்டின் முன்பாக்கெட்டில், உறையோடு.

ஸ்மித் அண்ட் வெசன் 642-ஐ வாடகைக்கு எடுத்துச் சுட்டேன். .38 ஸ்பெஷல் தோட்டா, 5 குண்டு, சுமார் 410 கிராம். பாக்கெட்டில் இருப்பதே தெரியவில்லை. ஆனால் ஐந்தும் தீர்வதற்குள் உள்ளங்கை எரிகிறது, அடுத்த குண்டு எங்கே போகிறதென்று எனக்கே தெரியாது. 148 கிரெய்ன் எடைக் குண்டுள்ள வாட்கட்டர் (இலக்குப் பயிற்சித் தோட்டா) போட்டால் உதைப்பு குறைகிறது. முனை தட்டை என்பதால் அவசரமாக நிரப்புவது தொல்லை. நண்பருடையதில் பெரிய ரப்பர் பிடி மாட்டிப் பார்த்தோம், அது பாக்கெட் துணியில் சிக்கிக்கொள்கிறது. ரூகர் எஸ்பி101 எஃகு ரிவால்வர், 700 கிராமுக்கு மேல். சுட சுகம்தான், பேன்ட் ஒரு பக்கமாக இறங்குகிறது.

மிச்சம் ரூகர் எல்சிஆர், .327 ஃபெடரல் மேக்னம், 6 குண்டு. அதில் வலு குறைந்த .32 எச் அண்ட் ஆர் மேக்னம் தோட்டாவும் போடலாம். வாடகைக்குத்தான் எங்கும் கிடைக்கவில்லை. இரண்டையும் சுட்டவர்கள் சொல்லுங்கள்: எல்சிஆரில் .32 எச் அண்ட் ஆர், 642-இல் வாட்கட்டர், எதில் உதைப்பு குறைவு?