பார்பிட்யூரேட் (மயக்க, தூக்க, வலிப்பு மருந்து வகை): மனசை விட்டுப் போகாத கேஸ்கள், ஒருவர் பின் ஒருவர் சொன்னவை

தயோபென்டோன் (மயக்கம் தரும் பார்பிட்யூரேட்) ஏற்றியதும் லைனை, அதாவது சிரைக் குழாயை, கழுவாமல் ராக்குரோனியம் என்ற தசைத் தளர்ச்சி மருந்தைத் தள்ளிவிட்டார்கள். ட்யூபுக்குள் பால் திரிந்த மாதிரி வெள்ளை வெள்ளையாக நின்றது. தயோபென்டோன் 2.5% கரைசலின் பிஹெச் 10க்கு மேல், அதாவது கடும் காரம். அமில மருந்து பட்டால் படியத்தான் செய்யும். நோயாளிக்கு மயக்கம் வந்தாயிற்று, தசைத் தளர்ச்சி மருந்து உள்ளே போகவில்லை, லைனும் அடைப்பு. நடுவில் 10 மி.லி. சலைன் விட்டிருந்தால் போதும்.

*

லைன் அடைத்ததோடு போயிற்றே. முழங்கை மடிப்பில் சிரை என்று நினைத்துத் தயோபென்டோனைத் தமனியில் ஏற்றிய கேஸ் இது. மருந்து ஏறும்போதே நோயாளி அலறிக் கையை உதறினார், விரல் நுனியெல்லாம் வெளுத்துவிட்டது. பக்கத்தில் இருந்தவர் கேனுலாவை (ஊசிக் குழாயை) உருவப் போனார். உருவவே கூடாது! சலைன், லிக்னோகைன் (மரப்பு மருந்து), பாப்பாவெரின் (தமனியைத் தளர்த்துவது) எல்லாம் அதே வழியாகத்தான் போக வேண்டும். பிறகு ரத்தம் உறையாமல் தடுக்க ஹெப்பாரின்.

*

மதுவோடு ஃபீனோபார்பிட்டோன் (வலிப்புக்கான பார்பிட்யூரேட் மாத்திரை) விழுங்கிய கேஸ். மூச்சு நிமிடத்துக்கு 6. ஃப்ளூமசெனில் என்ற முறிமருந்து கொடுத்தும் இமைகூட அசையவில்லை. டோஸ் போதவில்லையோ என்று இன்னும் உறுத்துகிறது.

*

டோஸ் காரணமே இல்லை. ஃப்ளூமசெனில் பென்சோடயசெபைன் (டயசெபாம் வகைத் தூக்க மருந்து) உட்காரும் இடத்தை மட்டும்தான் மறிக்கும். பார்பிட்யூரேட், மூளையை அடக்கும் காபா என்ற வேதிப்பொருளின் காபா-ஏ ஏற்பியில் வேறு இடத்தில் ஒட்டி, குளோரைடு வாயிலை அதிக நேரம் திறந்து வைக்கிறது. அளவு கூடினால் காபா இல்லாமலே திறக்கும். மூச்சு அடங்குவதற்கு வரம்பே இல்லாமல் போவது அதனால்தான். வலிப்பு நோயாளிக்கு ஃப்ளூமசெனில் போட்டால் வலிப்பையும் கிளப்பிவிடும். பார்பிட்யூரேட்டுக்கு முறிமருந்து கிடையாது: முதலில் ட்யூப் போட்டு மூச்சுவழியைக் காப்பாற்றுங்கள், பிறகு மருந்தை உறிஞ்சும் கரித்தூளைத் திரும்பத் திரும்பக் கொடுங்கள். ஃபீனோபார்பிட்டோனுக்குச் சிறுநீரைக் காரமாக்குவதைவிட அதுதான் மேல். ரொம்ப முற்றினால் டயாலிசிஸ். பெரியவர்களுக்கு அதன் அரை ஆயுள் (உடலில் மருந்து பாதியாகும் நேரம்) 100 மணி நேரம் வரை போகும், மறுநாளே விழிப்பார் என்று வீட்டாரிடம் சொல்லிவிடாதீர்கள்.

அதே நீண்ட அரை ஆயுளால்தான் மாத்திரையைத் திடீரென நிறுத்தியவரும் முதல் இரண்டு மூன்று நாள் நன்றாகத் தெரிவார். கை நடுக்கம், தூக்கமின்மை, வலிப்பு எல்லாம் பிறகு வரும். வாரக்கணக்கில், தேவைப்பட்டால் மாதக்கணக்கில் குறையுங்கள்.

*

படிப்படியாகக் குறைத்தாலும் கூடவே எடுக்கும் வார்ஃபரினை (ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) மறந்தால் சிக்கல்தான். ஃபீனோபார்பிட்டோன் கல்லீரல் நொதிகளைத் தூண்டி வார்ஃபரினைச் சீக்கிரம் கழிக்கும், அதற்கு ஏற்ப டோஸ் ஏற்றியிருப்பார்கள். ஃபீனோபார்பிட்டோன் நின்றபின் தூண்டல் அடங்கச் சில வாரம் ஆகும்; டோஸ் மட்டும் பழையபடி ஏறியே நிற்கும். அப்படி நிறுத்திய ஒரு பெரியவர் மூன்றாவது வாரம் வாயில் பஞ்சோடு வந்தார், ஈறில் ரத்தம் நிற்கவில்லை. ஐஎன்ஆர் (ரத்தம் உறையத் தாமதமாவதைக் காட்டும் அளவு) 7.