புதுப்பிப்பு: மச்சானின் எரிவாயுக் கருவிக்கு அரசாங்கப் பணம்

செம்பனை (பாமாயில்) ஆலைக் கழிவுநீர்க் குளத்து எரிவாயுவிலிருந்து ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற நச்சு வாயுவை நீக்க மச்சான் செய்த கருவியைச் சந்தைக்குக் கொண்டுவர உதவி கிடைக்குமா என்று சுங்கை சிப்புட்டிலிருந்து கேட்டிருந்தேனே, விசாரித்தாயிற்று. பலரும் சொன்ன, மலேசிய அரசாங்கத்தின் பசுமைத் தொழில்நுட்ப நிதித் திட்டம் 2010-இல் தொடங்கியது, ஆனால் அது மானியம் இல்லை, வங்கிக் கடன்; வட்டியில் 2 விழுக்காட்டை அரசாங்கம் ஏற்றது, கடனில் 60 விழுக்காட்டுக்கு உத்தரவாதமும் தந்தது, மீதி வங்கியின் தலையில், அப்புறம் வாங்க ஆளில்லாத கருவிக்கு எந்த மேலாளர் கையெழுத்துப் போடுவார்? முன்மாதிரி நிலைக்கு, புதுத் தொழில்களுக்கு உதவும் அரசாங்க நிறுவனமான கிரேடல் ஃபண்டின் ஸ்பார்க் மானியம்தான் பொருத்தம், 150,000 ரிங்கிட் வரை. மச்சான் அதற்கு எழுதுகிறான். சோதனைக்கு இடம் தரும் ஆலை தெரிந்தால் சொல்லுங்க.