தாத்தாவின் நாட்குறிப்பு: படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். எதைக் கொடுப்பது?

சாட்ஸ்வொர்த் டீச்சர்

வணக்கம். தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து எழுதுகிறேன். ஓய்வு பெற்ற தமிழ் டீச்சர், வயது 67. கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் அம்மாவைப் பெற்ற தாத்தா இங்கே நாலு பேருக்குத் தெரிந்த மனிதர். பெயர் வேண்டாம். மாநகராட்சியின் இந்தியத் தொழிலாளர் குடியிருப்பான மேகசின் பாரக்ஸில் பிறந்து, மாநகராட்சியில் வேலை பார்த்து, தொழிற்சங்கச் செயலாளராக இருந்தவர். 1946-இல் கேல் ஸ்ட்ரீட்டும் அம்பிலோ ரோடும் சேரும் முனையில், இந்தியர்மேல் வந்த நிலச் சட்டத்தை எதிர்த்து, கூடாரம் அடித்து சத்தியாக்கிரகம் நடந்ததல்லவா, அதில் உட்கார்ந்து முப்பது நாள் ஜெயிலுக்குப் போய் வந்தவர். இப்போது ஒரு தெருவுக்கு அவர் பெயர் வைத்திருக்கிறார்கள். 1972-இல் காலமானார்.

அவர் 1944 முதல் 1971 வரை நாட்குறிப்பு எழுதியிருக்கிறார். கோடு போட்ட கணக்கு நோட்டு, மொத்தம் 23. எல்லாம் தமிழில். கோயில் பள்ளிக்கூடத்தில் படித்த தமிழ், பாதி இடத்தில் புள்ளி வைக்க மாட்டார். பெரும்பாலும் இரண்டு வரிதான்: "மழை. மீட்டிங்குக்கு 40 பேர். அரிசி தீர்ந்தது." போலீஸ் சோதனைக்கு வரும் காலத்திலும் எழுதியிருக்கிறார். சோதனை போடுகிறவனுக்குத் தமிழ் தெரியாது என்று தைரியமாக இருந்தாரோ என்னவோ. ஆயா, அதாவது அவர் மனைவி, என் பாட்டி, அந்த நோட்டுகளை பிஸ்கட் டின்னில் போட்டு, சாமி அலமாரியில் படங்களுக்குப் பின்னால் வைத்திருந்தாள். பூச்சி வராமல் வேப்பிலை போட்டு, வருஷத்துக்கு ஒரு தடவை வெயிலில் காயவைப்பாள். ஆயாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

இப்போது தாத்தாவின் வாழ்க்கை வரலாற்றை எழுத ஓர் ஆய்வாளர் வந்திருக்கிறார். நல்ல பையன், நம் ஆள்தான், ஆனால் தமிழ் வாசிக்க வராது. எங்கள் குடும்பத்திலும் என்னைத் தவிர யாருக்கும் வராது. ஆக, நான்தான் உட்கார்ந்து வாசித்து ஆங்கிலத்தில் சொல்லவேண்டும். நோட்டுகளை அப்புறம் ஓர் ஆவணக் காப்பகத்துக்குக் கொடுத்துவிடலாம் என்று தம்பி சொல்கிறான்.

சிக்கல் இரண்டு.

ஒன்று, 1947 மார்ச் 11 பக்கம். அதற்கு இரண்டு நாள் முன்னால்தான் டாக்டர் நாயக்கர், டாக்டர் தாது, டாக்டர் சூமா மூன்று பேரும் ஜொஹன்னஸ்பர்க்கில் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். இந்தியர் காங்கிரஸும் ஆப்பிரிக்கர் காங்கிரஸும் சேர்ந்து போராடுவது என்று முதல் தடவையாக எழுதிவைத்த ஒப்பந்தம். அந்தச் செய்தி பாரக்ஸுக்கு வந்தபோது யார் யார் என்ன பேசினார்கள், யார் முகம் சுளித்தார்கள் என்று தாத்தா ஒரு பக்கம் முழுக்க எழுதியிருக்கிறார். அவர் அவ்வளவு நீளமாக எழுதியது அபூர்வம். ஆய்வாளருக்கு அது தங்கம். அதே பக்கத்தில் கடைசி வரி: "ராத்திரி குடித்துவிட்டு வந்து அவளை அடித்தேன். பிள்ளைகள் பார்த்தார்கள்."

இரண்டாவது, 1964. வீட்டில் சோதனை. கோழிக்கூண்டுக்கு அடியில் புதைத்திருந்த, நகல் எடுக்கும் சைக்ளோஸ்டைல் மெஷினை நேராக வந்து தோண்டி எடுத்துப் போயிருக்கிறார்கள். "மூன்று பேருக்குத்தான் தெரியும்" என்று எழுதிவிட்டு, ஒருவர் பெயரைப் போட்டு, "இவன் சட்டைப் பையில் புதுப் பண நோட்டு பார்த்தேன்" என்று முடிக்கிறார். அவ்வளவுதான், வேறு ஆதாரம் இல்லை. அந்த மனிதரும் செத்து முப்பது வருஷம் ஆகிறது. ஆனால் அவர் பேத்தி எனக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறாள். ஆடி மாதம் மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றும்போது அண்டாவின் ஒரு காதை அவள் பிடிப்பாள், இன்னொரு காதை நான் பிடிப்பேன்.

இதில் என்னைத் தூங்கவிடாதது எது தெரியுமா? வாசிக்கும்போது நான் ஒரு வரியைத் தாண்டிப் போய்விட்டால் கண்டுபிடிக்க யாரும் இல்லை. தாத்தா பொதுவாழ்க்கைக்கு வந்தவர், அவரைப் பற்றித் தெரிந்துகொள்ள ஊருக்கு உரிமை உண்டு என்கிறான் தம்பி. சரி. ஆனால் ஆயா எந்தப் பொதுவாழ்க்கைக்கு வந்தாள்?

நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?

மாரிட்ஸ்பர்க் வக்கீல்

டீச்சர், சட்டத்தை மட்டும் சொல்கிறேன். பாதி கேள்விக்குத்தான் அதில் பதில் இருக்கும்.

முதலில், நோட்டு உங்கள் வீட்டில் இருப்பதால் எழுத்தும் உங்களுடையது ஆகிவிடாது. இங்கே 1978 பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதியவர் இறந்து ஐம்பது வருஷம் வரை உரிமை. அந்தக் கணக்கில் 2022-ஓடு முடிந்துவிட்டது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அவர் உயிரோடு இருந்தவரை வெளியிடப்படாத எழுத்துக்கு, அந்த ஐம்பது வருஷம் முதன்முதலில் வெளியிடும்போதுதான் ஓட ஆரம்பிக்கும். ஆக உரிமை இன்னும் வாரிசுகளிடம்தான் இருக்கிறது. உயில் இல்லையென்றால் அவர் பிள்ளைகளும் அவர்கள் வழி வந்தவர்களும் பங்காளிகள். நீங்களும் தம்பியும் மட்டும் முடிவு செய்ய முடியாது.

அந்தரங்கம் பற்றி: தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2021 ஜூலையிலிருந்து முழுசாக நடைமுறையில் இருக்கிறது. ஆனால் அது உயிரோடு இருப்பவர்களுக்குத்தான். தாத்தா, ஆயா, அந்த 1964 பக்கத்து மனிதர், மூன்று பேருமே அதற்கு வெளியே. செத்தவர் பெயர் கெட்டது என்று பேத்தி வழக்குப் போடவும் வழியில்லை.

உயிரோடு இருப்பவர் பெயர் வந்தால் கதை வேறு. ஓர் அரசியல்வாதியின் வாழ்க்கை வரலாற்றில், எச்ஐவி இருந்த மூன்று பெண்களின் பெயரை அவர்கள் சம்மதம் இல்லாமல் அச்சடித்துவிட்டார்கள். ஏற்கெனவே ஓர் அறிக்கையில் வந்த பெயர்தானே என்று வாதாடிப் பார்த்தார்கள், எடுபடவில்லை. 2007-இல் அரசியல் சாசன நீதிமன்றம் ஆளுக்கு 35,000 ராண்ட் கொடுக்கச் சொன்னது. கவனியுங்கள், புத்தகம் யாரைப் பற்றியதோ அவர் வழக்குப் போடவில்லை. நடுவில் மாட்டிக்கொண்டவர்கள்தான் போட்டார்கள். அதே வருஷம் சுகாதார அமைச்சரின் மருத்துவக் குறிப்புகள் ஒரு பத்திரிகையிடம் சிக்கின வழக்கில், குறிப்புகளைத் திருப்பிக் கொடு, ஆனால் விஷயத்தைப் பற்றி எழுதத் தடையில்லை என்று ஜொஹன்னஸ்பர்க் உயர் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அமைச்சர் என்பதால்தான் அந்தத் தீர்ப்பு. உங்கள் ஆயாவுக்கு அது பொருந்தாது.

லெனேசியா பேரன்

அக்கா, கோபித்துக்கொள்ளாதீர்கள். எனக்கு அந்த 1964 பக்கம் வேண்டும். என் தாத்தாவையும் அந்த வருஷங்களில்தான் தூக்கிப் போனார்கள். யார் காட்டிக்கொடுத்தது என்று தெரியாமலே போய்ச் சேர்ந்தார். 1993-இல் உளவுத்துறை தன் காகிதத்தையும் மைக்ரோ பிலிமையும் சுமார் 44 டன் ஒழித்துக்கட்டியது. நிறவெறிக் காலக் கொடுமைகளை விசாரித்த உண்மை ஆணையத்தின் அறிக்கையிலேயே இருக்கிறது. அவர்கள் எழுதிவைத்ததை எரித்துவிட்டார்கள். நம்மவர் எழுதிவைத்தது ஒரு பிஸ்கட் டின்னில் மிஞ்சியிருக்கிறது. அதையும் நாமே மூடி வைக்கவேண்டுமா? கூழ் அண்டா இருக்கட்டும் அக்கா. எங்கள் வீட்டிலும் அண்டா இருந்தது, தூக்கத்தான் ஆள் இல்லை.

சாட்ஸ்வொர்த் டீச்சர்

தம்பி, கோபமே இல்லை. ஆனால் தாத்தா பார்த்தது சட்டைப் பையில் ஒரு புது நோட்டு. சம்பள நாளாகவும் இருக்கலாம். அந்தத் தேதி மாதக் கடைசி வெள்ளிக்கிழமை, இன்று காலையில் பழைய காலண்டர் போட்டுப் பார்த்தேன்.

புதுச்சேரிக்காரன்

ஆனந்தரங்கப் பிள்ளையை யாரும் இன்னும் இழுக்கவில்லையே! எங்கள் ஊரில் பிரெஞ்சுக்காரர்களின் துபாஷி, அதாவது மொழிபெயர்ப்பாளர். 1736-இலிருந்து 1761-இல் சாகும்வரை நாட்குறிப்பு எழுதினார். கவர்னர் துய்ப்ளேக்ஸ் சொன்னது, அவர் மனைவி செய்தது, யாருக்கு எவ்வளவு கைமாறியது, கப்பலில் என்ன வந்தது, எல்லாம். துய்ப்ளேக்ஸ் அம்மாள் மேல் அவருக்கு இருந்த கசப்பு பக்கத்துக்குப் பக்கம் வழியும். 1748-இல் வேதபுரீஸ்வரர் கோயிலை இடித்த சேதியை, கண்ணெதிரே நடந்ததுபோலப் படிக்க முடிவது அவரால்தான். பிரெஞ்சுக்காரர்கள் எழுதிவைத்த கடிதங்களில் அந்தக் கோயிலுக்காக அழுத குரல் கிடைக்காது.

வீட்டார் கூச்சப்பட்டு எரித்திருந்தால் நமக்கு ஒன்றும் இல்லை. ஆனால் நியாயமாக இன்னொன்றையும் சொல்லவேண்டும். அது வெளி ஆள் கண்ணில் பட்டது 1846-இல், அவர் செத்து 85 வருஷம் கழித்து. அதற்குள் சண்டை போட ஒருவரும் மிச்சமில்லை. டீச்சருக்கு அந்த வசதி இல்லை, இரண்டே தெரு.

கேப் டவுன் காகிதக்காரி

நான் காப்பகத்தில் வேலை செய்தவள். சுருக்கமாகச் சொல்கிறேன்.

கிழிக்காதீர்கள். காகிதம் ஒட்டி மறைக்கவும் வேண்டாம். ஆன் ஃபிராங்க் தன் டைரியில் இரண்டு பக்கத்தைப் பழுப்புத் தாள் ஒட்டி மூடிவைத்தாள். 2018-இல் பின்னாலிருந்து வெளிச்சம் போட்டுப் படம் எடுத்து வாசித்துவிட்டார்கள். ஒரு சிறுமி மறைத்ததையே விடவில்லை. நீங்கள் மறைத்தால் விடுவார்களா?

காப்பகத்தோடு ஒப்பந்தம் எழுதுங்கள். எந்த நோட்டு இன்றைக்கே திறப்பு, எந்த நோட்டு எந்த வருஷம் வரை முத்திரை, அதுவரை யார் கேட்டாலும் யார் அனுமதி தரவேண்டும் என்று. இது தினமும் நடப்பதுதான், யாரும் உங்களைத் தப்பாக நினைக்கமாட்டார்கள். ஆனால் முத்திரை போட்ட நோட்டு ஒன்று இருக்கிறது என்பதைப் பட்டியலில் சொல்லவேண்டும். இல்லாததுபோல் காட்டக்கூடாது.

மண்டேலாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஜெயிலில் காலண்டரில் அவர் கிறுக்கிவைத்தவை 2010-இல் புத்தகமாக வந்தன, அவர் சம்மதத்தோடு. 2017-இல் அவரைப் பார்த்துக்கொண்ட மருத்துவர் கடைசி நாட்களைப் பற்றி ஒரு புத்தகம் போட்டார். குடும்பத்தில் எதிர்ப்பு வந்து, பதிப்பகம் சில நாளிலேயே திரும்பப் பெற்றது. இரண்டிலும் உடம்பு நோவு எல்லாம் வருகிறது. ஒன்றை அவரே கொடுத்தார், இன்னொன்றை அவரிடமிருந்து எடுத்தார்கள். உங்கள் தாத்தா இந்த நோட்டைப் பற்றி யாரிடமாவது ஏதாவது சொல்லியிருக்கிறாரா? வீட்டில் பெரியவர்கள் யாராவது இருந்தால் முதலில் அவர்களிடம் கேளுங்கள். அந்த ராத்திரி பார்த்த பிள்ளைகளில் ஒருவராவது இருக்கக்கூடும்.

சாட்ஸ்வொர்த் டீச்சர்

காகிதக்காரி அம்மா சொன்னதைப் படித்ததும் எனக்கு வெட்கமாகிவிட்டது. என் சின்னம்மா இருக்கிறார், 86 வயது, இங்கே டர்பன் பக்கத்து ஃபீனிக்ஸில் மகள் வீட்டில். 1947-இல் ஒன்பது வயது. அவரிடம் கேட்கவேண்டும் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை? நானே தாத்தாவுக்கும் ஆயாவுக்கும் காவல்காரி மாதிரி உட்கார்ந்திருந்திருக்கிறேன்.

சனிக்கிழமை போனேன். அந்த நோட்டை எடுத்துப்போய், மேலே ஒப்பந்தச் செய்தியிலிருந்து ஆரம்பித்து முழுப் பக்கத்தையும் வாசித்தேன். கடைசி வரி வந்ததும் குரல் இறங்கிவிட்டது. சின்னம்மா காதுக் கருவியைச் சரிசெய்துகொண்டு, "இன்னொரு தரம் படி" என்றார். படித்தேன்.

"தேதி போட்டிருக்காரா?"

போட்டிருக்கிறார் என்றேன்.

"நான் கனவுன்னு நெனச்சிக்கிட்டேன். அக்கா அப்படி ஒண்ணும் நடக்கலேன்னு சொல்லிச்சு, சாகற வரைக்கும்." அக்கா என்றால் என் அம்மா. அப்புறம் கொஞ்ச நேரம் டீயைக் கிண்டிக்கொண்டே இருந்தார். "எங்கம்மா அந்த டின்ன வெயில்ல வெச்சு எடுத்து வெச்சுதே. அதுக்குள்ள இது இருந்திருக்கு பாரு."

கொடுக்கலாமா என்று கேட்டேன். கொடு என்றார். அவர் எழுதிவைத்ததை நீ என்ன மறைக்கிறது என்றார்.

1964-ஐயும் சொன்னேன், பெயரைச் சொல்லாமல். அவரே பெயரைச் சொல்லிவிட்டார். பாரக்ஸில் பாதிப்பேருக்கு அந்தச் சந்தேகம் இருந்ததாம். ஆனால் இன்னொருவரையும் சொன்னார்களாம், அவர் பெயர் தாத்தாவின் நோட்டில் எங்கேயும் இல்லை. இரண்டு பேரில் யார் என்று சின்னம்மாவுக்கும் தெரியாது.

அதனால் முடிவு இப்படி: 22 நோட்டு இப்போதே திறப்பு. 1964 நோட்டு 2044 வரை முத்திரை. பட்டியலில் அது இருக்கும், ஏன் மூடியிருக்கிறது என்றும் எழுதியிருக்கும். லெனேசியா தம்பி, 1964-இல் உங்கள் தாத்தா பெயர் வருகிறதா என்று வரிவரியாகப் பார்த்தேன். வரவில்லை. வந்திருந்தால் அந்த வரியை உங்களுக்கு எழுதியிருப்பேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். படித்தது நான் ஒருத்திதானே.

வக்கீல் சார், பங்காளிகள் பதினொரு பேர். ஒன்பது பேர் கையெழுத்துப் போட்டாயிற்று, இரண்டு பேர் ஆஸ்திரேலியாவில் இருக்கிறார்கள், தாளை அனுப்பியிருக்கிறேன்.

அந்தப் பேத்தியிடம் இன்னும் சொல்லவில்லை. ஆடிக்கு முன்னால் சொல்லிவிடவேண்டும்.

ஆய்வாளர் ஞாயிறு ஒன்பது மணிக்கு வருகிறார். சின்னம்மாவையும் கூட்டிவரச் சொல்லியிருக்கிறேன். சின்னம்மாவுக்குத் தமிழ் வாசிக்க வராது, ஆனால் கேட்டால் புரியும். அந்த மார்ச் 11 பக்கத்தில் நான் ஒரு வரி விட்டால் அவருக்குத் தெரிந்துவிடும்.