அச்சாரம் வாங்கின ஏத்தன் வாழையை வேறு ஆளுக்கு வெட்டிக் கொடுக்கலாமா?

களக்காட்டுக்காரன்:
6 டன் ஏத்தன், கிலோ 30 ரூபாய்க்குப் பேசி 50,000 அச்சாரம் கைமாறியாச்சு. 'வாக்கு மாறினால் அச்சாரத்துக்குப் பத்து மடங்கு' என்று பத்திரத்தில் இருக்கிறது. வெட்டுகிற நாளில் சந்தை விலை 45. வேறொரு வியாபாரி 48 தருகிறேன் என்கிறார். அச்சாரத்தைத் திருப்பி, நட்டத்தையும் கட்டிவிட்டால் தோட்டக்காரர் பொறுப்பு தீர்ந்ததா? இல்லை, இது குற்றமா?

வழக்குமன்றம்:
ஆரம்பத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்தாலொழிய குற்றமில்லை அண்ணாச்சி, சிவில் விவகாரம்தான். பத்து மடங்கு, அதாவது 5 லட்சம், அப்படியே கிடைக்காது. 1872 ஒப்பந்தச் சட்டம் பிரிவு 74-படி அது உச்சவரம்பு. அதற்குள் நியாயமான தொகைதான். நட்ட ஈட்டுக்கான பிரிவு 73 கணக்கு: கிலோவுக்கு 15 வித்தியாசம், 6,000 கிலோவுக்கு 90,000. அச்சாரத்தைத் திருப்புவது தனி. வியாபாரி உடனே வேறு இடத்தில் வாங்காமல் சும்மா இருந்து விலை இன்னும் ஏறினால், அந்தக் கூடுதல் நட்டம் அவர் தலையில். ஓணத்துக்குக் கேரளா லோடு தவறிய நட்டம் வேண்டுமென்றால், பேசும்போதே தோட்டக்காரருக்கு அது தெரிந்திருக்க வேண்டும். பத்திரத்தில் ஒரு வரி எழுதியிருந்தால் நிரூபிப்பது சுலபம்.

கணக்குப்பிள்ளை:
48-க்கு விற்றால் 1,08,000 கூடுதல். 90,000 கட்டினாலும் 18,000 மிச்சம். யாருக்கும் நட்டமில்லாததால் இந்த மீறல் நல்லது என்று பொருளியல் பக்கம் ஒரு வாதம் உண்டு. ஒப்பந்தம் என்பதே 'செய், அல்லது இழப்பீடு கொடு' என்ற தேர்வுதான் என்று அமெரிக்க நீதிபதி ஹோம்ஸ் 1897-ல் எழுதியதையும் அதற்குத் துணைக்கு இழுப்பார்கள். எனக்கு ஒப்பவில்லை. 48 தர ஆள் இருந்தால் முதல் வியாபாரியே 30-க்கு எடுத்து அவருக்கு விற்பார். வாழை போய்ச் சேரும் இடம் அதேதான். 18,000 யார் மடியில் விழுகிறது என்பது மட்டும் மாறுகிறது. தவிர, விலை 20-க்கு இறங்கியிருந்தால் தோட்டக்காரர் 30-ஐ விட்டிருப்பாரா? இறக்கத்துக்குக் காப்பு வாங்கிவிட்டு ஏற்றத்தையும் எடுத்துக்கொள்வது எந்த ஊர் நியாயம்? வக்கீல் செலவும் வருடக்கணக்கான அலைச்சலும் அந்த 90,000-ல் வராது என்பதையும் சேருங்கள்.

களக்காட்டுக்காரன்:
சரி. காற்றில் வாழை சாய்ந்திருந்தால்?

வழக்குமன்றம்:
பத்திரத்தின் வாசகம்தான் தீர்மானிக்கும். 'இன்ன சர்வே எண் தோட்டத்து ஏத்தன்' என்றிருந்தால், தோட்டக்காரர் தவறில்லாமல் அழிந்த பயிருக்கு அவர் பொறுப்பில்லை. அச்சாரத்தை மட்டும் திருப்ப வேண்டும். 1876-ல் இங்கிலாந்தில் ஹவல் எதிர் கூப்லண்ட் வழக்கில் குறிப்பிட்ட நிலத்து உருளைக்கிழங்கு நோயில் போனபோது இதே முடிவு. வெறும் '6 டன் ஏத்தன்' என்றிருந்தால் வெளியில் வாங்கியாவது கொடுக்க வேண்டியதுதான். முட்டுக்கம்பு யார் செலவு என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். சாய்ந்தபிறகு முதலில் வருகிற சண்டை அதுதான்.