நேரு ஸ்டேடியத்தில் கோப்பை வாங்கிய அணி எங்கே? கிளப்பும் மைதானமும் யார் கையில் இருக்க வேண்டும்?

நொய்யல்கரை (கோவை)

2019 மார்ச் 9. கோவை நேரு ஸ்டேடியத்தில் சென்னை சிட்டி அணிக்கும் மினர்வா பஞ்சாபுக்கும் ஆட்டம். ஜெயித்தால் ஐ-லீக் என்ற தேசியக் கால்பந்து லீக்கின் கோப்பை நமக்கு. தவறவிட்டால், அதே நேரத்தில் கோழிக்கோட்டில் ஆடிக்கொண்டிருந்த ஈஸ்ட் பெங்காலுக்கு. ஆரம்பத்திலேயே ஒரு கோல் வாங்கினோம். என் பக்கத்திலிருந்த பெரியவர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அப்புறம் வரிசையாக மூன்று கோல். 3-1. ஒரே ஒரு புள்ளி வித்தியாசத்தில் சாம்பியன். பேரில் சென்னை இருந்தாலும் அன்றைக்கு அது எங்கள் ஊர் அணி.

அந்த சீசனில் பெட்ரோ மான்சி மட்டும் 21 கோல். அதே ஆண்டு சுவிட்சர்லாந்தின் பாசல் கிளப் 26 சதவீதப் பங்கு வாங்கியது. இனிமேல் கோவைக்குக் கால்பந்து வந்துவிட்டது என்று நம்பினோம். 2020-21 சீசனுக்குப் பிறகு ஐ-லீக்கில் அந்த அணியே இல்லை. ஜெர்சி இன்னும் என் பீரோவில் இருக்கிறது.

யார் மேல் தப்பு என்று பேச நான் இதை எழுதவில்லை. ஒரு அணி வருவதையும் போவதையும் பற்றி கேலரியில் உட்கார்ந்தவனிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கத் தேவையில்லை என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. என் கருத்து இதுதான். கிளப்பை யார் வேண்டுமானாலும் நடத்தட்டும். ஆனால் விற்பது, மூடுவது, ஊர் மாற்றுவது, இந்த மூன்றும் ஆதரவாளர்களின் ஓட்டு இல்லாமல் நடக்கக் கூடாது. மைதானம் எந்தக் காலத்திலும் பொதுச் சொத்தாகவே இருக்க வேண்டும்.

பனியன்காரன் (திருப்பூர்)

அண்ணா, உங்கள் வருத்தம் புரிகிறது. நானும் அந்த சீசனில் நான்கு ஆட்டத்துக்கு வண்டி எடுத்துக்கொண்டு வந்தவன்தான். ஆனால் நீங்கள் சொல்வதை ஏற்க முடியவில்லை.

நான் சின்ன யூனிட் வைத்திருக்கிறேன். பேங்கில் இருப்பது என் வீட்டுப் பத்திரம். எந்த ஆர்டரை எடுப்பது என்று ஊரே ஓட்டுப் போட்டு முடிவு செய்தால் மூன்றாவது மாதம் ஷட்டரை இறக்கிவிட வேண்டியதுதான். நஷ்டம் ஒருத்தனுக்கு, முடிவு ஆயிரம் பேருக்கு என்றால் காசு போட யார் வருவான்?

இங்கிலாந்தின் லெஸ்டர் சிட்டி கிளப்பைப் பாருங்கள். தாய்லாந்தின் கிங் பவர் நிறுவனம் 2010இல் அதை வாங்கியது. கிளப்புக்குக் கொடுத்திருந்த 10 கோடி பவுண்டுக்கும் மேலான கடனைப் பின்னால் பங்காக மாற்றிக்கொண்டது. 2016இல் பிரீமியர் லீக் கோப்பை. இப்படி ஒரு முதலாளி கோவைக்கு வந்தால் ஓட்டுப் பெட்டியைக் காட்டியா வரவேற்பீர்கள்?

நொய்யல்கரை

நல்ல முதலாளி வந்தால் சந்தோஷம்தான். என் கவலை அவரைப் பற்றியது அல்ல, அவருக்கு அடுத்து வருபவரைப் பற்றியது.

பரி என்று மான்செஸ்டர் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். 1885இல் தொடங்கிய கிளப், இரண்டு முறை எஃப்ஏ கோப்பை வாங்கியது. 2018 டிசம்பரில் அது ஒரே ஒரு பவுண்டுக்குக் கை மாறியது. அடுத்த ஆகஸ்டில் லீக்கிலிருந்தே நீக்கிவிட்டார்கள். 134 வருஷத்து கிளப் ஒன்பது மாதத்தில் போனது. உங்கள் யூனிட்டை மூடினால் டெய்லர் அடுத்த தெருவில் வேலைக்குப் போவார். அந்த ஊர் ஜனம் அடுத்த ஊர் அணிக்கா கைதட்டப் போகும்?

இசார்கரை பொள்ளாச்சியான் (மியூனிக்)

வேலைக்காக எட்டு வருஷமாக ஜெர்மனியில் இருக்கிறேன். இங்கே '50 கூட்டல் 1' என்று ஒரு விதி, 1998இலிருந்து இருக்கிறது. கம்பெனிகள் கிளப்பில் பங்கு வாங்கலாம், பணம் போடலாம். ஆனால் பாதிக்கு மேல் ஒரு ஓட்டாவது உறுப்பினர் சங்கத்திடம் இருந்தே தீர வேண்டும். பேயர்ன் மியூனிக்கில் 75 சதவீதம் சங்கத்திடம் இருக்கிறது. மீதியை அடிடாஸ், ஆடி, அலியான்ஸ் மூன்றும் சமமாக வைத்திருக்கின்றன. மைதானமும் கிளப்புக்கே சொந்தம். பனியன்காரர் கேட்டாரே, காசு போட யார் வருவான் என்று. இந்த மூன்று கம்பெனிகளும் வந்திருக்கின்றன.

2021 ஏப்ரலில் பன்னிரண்டு பணக்கார கிளப்புகள் தனியாக சூப்பர் லீக் தொடங்கப் போவதாக அறிவித்தன. அதில் ஒரு ஜெர்மன் கிளப்கூட இல்லை. இதற்கு அந்த விதி மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் பெரிய காரணம் அதுதான் என்று நம்புகிறேன். 2023 டிசம்பரில் ஜெர்மன் லீக்கின் டிவி உரிமையில் வெளி முதலீட்டாளருக்குப் பங்கு கொடுக்க 36 கிளப்புகள் ஓட்டுப் போட்டன. 24 ஓட்டு தேவை, சரியாக 24 கிடைத்தது. அதற்கப்புறம் வாரா வாரம் ரசிகர்கள் டென்னிஸ் பந்தை மைதானத்துக்குள் வீசி ஆட்டத்தை நிறுத்தினார்கள். பிப்ரவரியில் லீக் அந்தத் திட்டத்தையே கைவிட்டது. அந்தப் பந்துகள் விழும்போது நான் கேலரியில் இருந்தேன். அன்றைக்குத்தான் உறுப்பினர் அட்டைக்கு மனு போட்டேன்.

பனியன்காரன்

பொள்ளாச்சித் தம்பி, லெவர்குசனை பேயர் மருந்துக் கம்பெனியும், வோல்ஃப்ஸ்பர்கை வோக்ஸ்வேகனும் வைத்திருப்பதையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். விதிக்கு விலக்கு அங்கேயே இருக்கிறது.

உறுப்பினர் கிளப் என்றால் சுத்தம் என்றும் இல்லை. பார்சிலோனா முழுக்க உறுப்பினர்களுடையது. 2021இல் அதன் தலைவரே 135 கோடி யூரோ கடன் என்று அறிவித்தார். மெஸ்ஸியை வைத்துக்கொள்ள முடியாமல் அழ அழ அனுப்பினார்கள். இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத் கிளப்பை 2013இல் ரசிகர்களே வாங்கிக் காப்பாற்றினார்கள், அது பெரிய காரியம், மனதாரச் சொல்கிறேன். ஆனால் 2017இல் அதே ரசிகர்கள் ஓட்டுப் போட்டு ஓர் அமெரிக்கப் பணக்காரருக்கு விற்றார்கள். மேலே போகப் பணம் வேண்டும் என்று அவர்களுக்கே தெரிந்துவிட்டது.

நொய்யல்கரை

ஓட்டுப் போட்டு விற்றார்கள். நான் கேட்பதும் அதைத்தானே?

பவானிக்காரி (ஈரோடு)

நான் கால்பந்து ஆடியவள் இல்லை. மகன் ஆடுகிறான், அதனால் படிக்கிறேன். பால் சொசைட்டியில் பதினோரு வருஷம் கணக்கு எழுதியிருக்கிறேன். அங்கிருந்து இரண்டு விஷயம் சொல்கிறேன்.

முதலாவது, உறுப்பினர் என்றால் யார்? அட்டை வாங்கியவரெல்லாம் உறுப்பினர் என்றால், தேர்தலுக்கு முந்தின வாரம் இருநூறு அட்டை புதிதாக முளைக்கும். எனக்குத் தெரிந்த ஒரு சங்கத்தில் அப்படித்தான் நடந்தது. மாடே இல்லாதவர்கள் நிர்வாகத்துக்கு வந்தார்கள். எங்கள் சொசைட்டியில் வருஷத்தில் குறிப்பிட்ட நாள் பால் ஊற்றினால்தான் ஓட்டு. கிளப்புக்கும் அப்படி வையுங்கள். சீசனில் பாதி ஆட்டத்துக்காவது கேலரிக்கு வந்தவருக்குத்தான் ஓட்டு.

இரண்டாவது, எங்கள் தோட்டத்துக் கிணறு. தாத்தா காலத்திலிருந்து நான்கு பங்கு, முறை வைத்து மோட்டார் போடுகிறோம். அவரவர் முறையில் மஞ்சளுக்குப் பாய்ச்சினாலும் வாழைக்குப் பாய்ச்சினாலும் யாரும் கேட்பதில்லை. ஆனால் லாரிக்குத் தண்ணீர் விற்க வேண்டுமென்றால் நான்கு பேரும் சம்மதிக்க வேண்டும். நொய்யல்கரை அண்ணா கேட்பது இந்த மாதிரி ஓர் ஏற்பாடு என்றுதான் எனக்குப் படுகிறது. அதில் இருக்கிற சிரமத்தையும் சொல்லிவிடுகிறேன். கிணற்றை ஆழப்படுத்த வேண்டி வந்தபோது இரண்டு பங்குக்காரர் காசு தரவில்லை. ஒரு வருஷம் நிலம் காய்ந்தது. நஷ்டம் வருகிற வருஷத்தில் கேலரிக்காரர்கள் எவ்வளவு தருவார்கள் என்பதை முதலிலேயே எழுதி வைக்காமல் ஓட்டு மட்டும் கேட்டால், பனியன்காரர் கோபப்படுவது நியாயம்தான்.

கோல்போஸ்ட் (சேலம்)

எல்லோரும் கிளப்பையே பேசுகிறீர்கள். மைதானத்துக்கு வாருங்கள். பசங்களுக்குப் பயிற்சி கொடுக்கிறவன் நான். பொதுச் சொத்து என்று சொல்வது சுலபம். எங்கள் பக்கம் ஒரு பொது மைதானத்தில் பொருட்காட்சி போட்டார்கள். அவர்கள் போன பிறகு மூன்று வாரம் நானும் பசங்களும் ஆணி பொறுக்கினோம். ஒரு பையனுக்குக் காலில் ஏறித் தையல் போட்டோம். புல்லுக்குத் தண்ணீர் விட ஆள் இல்லை, ஆனால் மேடை போட எப்போதும் அனுமதி உண்டு. தனியாரிடம் இருந்திருந்தால் தரையாவது ஒழுங்காக இருந்திருக்கும்.

நொய்யல்கரை

அண்ணா, அந்தப் பையனை நினைத்தால் கஷ்டமாக இருக்கிறது. ஆனாலும் விற்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. நேரு ஸ்டேடியம் கோவையின் நட்டநடுவில் இருக்கிறது. சுற்றிலும் கடைகள். அந்த இடத்தில் ஒரு சென்ட் என்ன விலை போகும் என்று உங்களுக்கே தெரியும். பத்திரம் ஒரு கம்பெனி பேருக்குப் போனால், என்றைக்காவது ஒருநாள் கால்பந்தைவிட கட்டடத்தில் லாபம் அதிகம் என்று கணக்கு வரும்.

இங்கிலாந்தில் பிரைட்டனுக்கு அதுதான் நடந்தது. கோல்ட்ஸ்டோன் மைதானத்தை முதலாளிகள் விற்றார்கள். 1997இல் கடைசி ஆட்டம், இடித்துவிட்டுக் கடைகள் கட்டினார்கள். அப்புறம் இரண்டு வருஷம் ஜில்லிங்ஹாமுக்குப் போய்ச் சொந்த ஊர் ஆட்டத்தை ஆடினார்கள். தனக்கென்று நிரந்தர மைதானம் கிடைக்க 2011 ஆனது.

பனியன்காரன்

அதைக் கட்டிக்கொடுத்தவர் டோனி ப்ளூம் என்ற முதலாளிதான், அண்ணா. சொந்தப் பணம்.

மைதானம் வேறு ஒருவர் கையில் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு கோவென்ட்ரி இருக்கிறது. பழைய மைதானத்தை விட்டுவிட்டு வாடகைக்குப் போனார்கள். வாடகைத் தகராறில் 2013-14 சீசனை நார்தாம்ப்டனில் ஆடினார்கள், 2019இலிருந்து இரண்டு சீசன் பர்மிங்ஹாமில். வாடகை வீட்டுக்காரனுக்கு எப்போதும் பெட்டி கட்டித் தயாராக இருக்க வேண்டும்.

கோல்போஸ்ட்

அப்படியென்றால் நீண்ட குத்தகை. மான்செஸ்டர் சிட்டியின் மைதானம் நகராட்சியுடையது. 2002 காமன்வெல்த் போட்டிக்குக் கட்டியது, கிளப்புக்கு 250 வருஷக் குத்தகை. நமக்கு 30 வருஷம் போதும். நிலம் ஊருக்கு, பராமரிப்பு கிளப்புக்கு, பொருட்காட்சிக்கும் மேடைக்கும் இடமில்லை என்று குத்தகையிலேயே எழுத வேண்டும். பள்ளிப் பசங்களுக்கு தினமும் காலையில் இரண்டு மணி நேரம் இலவசம், அதையும் எழுத வேண்டும். வாய்ப்பேச்சு வேண்டாம்.

இசார்கரை பொள்ளாச்சியான்

இங்கிலாந்திலும் இப்போது மாறுகிறார்கள். 2025 ஜூலையில் கால்பந்து நிர்வாகச் சட்டம் வந்தது. கிளப் தன் மைதானத்தை விற்கவோ வேறிடம் போகவோ தனி ஒழுங்குமுறை அமைப்பின் ஒப்புதல் வேண்டும். பரி போன பிறகுதான் அவர்களுக்கே இது உறைத்தது.

பனியன்காரன்

சரி, மைதான விஷயத்தில் நான் இறங்கி வருகிறேன். டெர்பி கவுண்டி 2018இல் தன் மைதானத்தைத் தன் முதலாளிக்கே எட்டு கோடி பவுண்டுக்கு விற்றதாகக் கணக்கு எழுதி நஷ்டத்தை மறைத்தது. 2021இல் திவால் நிர்வாகத்துக்குள் போனது. வியாபாரியாக எனக்கே அது உறுத்துகிறது. நிலம் ஊருக்கு, குத்தகை கிளப்புக்கு, ஒத்துக்கொள்கிறேன்.

கிளப்பில் மட்டும் இறங்க மாட்டேன். மூடுவதற்கு முன் ஒரு சீசன் அவகாசம், ஆதரவாளர்களுக்கு வாங்குவதில் முதல் உரிமை, வருஷா வருஷம் பேலன்ஸ் ஷீட்டைப் பொதுவில் வைப்பது, இவ்வளவும் சரி. ஓட்டு, காசு போட்டவனுக்குத்தான். பஞ்சாபின் ஜேசிடி மில் அணியை மறந்துவிடாதீர்கள். நம்மைப் போல நூல், துணி என்று இருந்தவர்கள். 1996-97இல் முதல் தேசிய லீக் கோப்பையையே வாங்கினார்கள். 2011இல் அணியைக் கலைத்தார்கள். முதலாளியின் கையைக் கட்டிப்போட்டிருந்தால் அணி பிழைத்திருக்கும் என்றா நினைக்கிறீர்கள்? முதலிலேயே தொடங்கியிருக்க மாட்டார்கள்.

நொய்யல்கரை

ஜேசிடியை வைத்து நான் நேர் எதிராகத்தான் சொல்வேன். பதினைந்து வருஷத்துக்குள் கோப்பையும் போய் அணியும் போனதென்றால், அது கம்பெனியின் விளம்பரச் செலவுக் கணக்கில் இருந்த அணி. செலவைக் குறைக்கும்போது அதுதான் முதலில் போகும். கொல்கத்தாவின் மோகன் பகானைப் பாருங்கள். 1889இல் தொடங்கிய கிளப். 2020இல் ஏடிகே என்ற இன்னொரு கொல்கத்தா அணியுடன் இணைத்து பேரையே மாற்றினார்கள். ரசிகர்கள் விடவில்லை. 2023இல் ஏடிகே என்ற எழுத்துகள் பேரிலிருந்து போயின. முதலாளி அதே முதலாளிதான், பணமும் நிற்கவில்லை.

முதல் உரிமை பற்றி நேற்று ராத்திரி யோசித்தேன். 2021இல் அந்த உரிமை எங்களுக்கு இருந்திருந்தால் ஐ-லீக் அணியை வாங்கி நடத்தியிருப்போமா? முடிந்திருக்காது. பவானிக்காரி அக்கா சொன்ன கிணறு மாதிரிதான், ஆழப்படுத்தக் காசு இருந்திருக்காது. ஆனால் 2002இல் லண்டனின் விம்பிள்டன் கால்பந்து அணியை வேறு ஊருக்கு மாற்ற அனுமதித்தபோது ரசிகர்கள் அதைத் திரும்ப வாங்கவில்லை. பொதுப் புல்வெளியில் பசங்களை வரச்சொல்லி, ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுத்து, ஒன்பதாம் நிலை லீக்கில் புது அணி தொடங்கினார்கள். 2011இல் தொழில்முறை லீக்குக்குள் வந்தார்கள். 2020இல் சொந்த ஊரில் சொந்த மைதானம்.

கோவையில் மாவட்ட லீக் இருக்கிறது. அடிமட்டத்தில் ஓர் அணி, ஆளுக்கு ஒரு பங்கு, ஒரு ஓட்டு. பனியன்காரரே, ஜெர்சிக்கு நீங்கள் ஸ்பான்சர் செய்யுங்கள், நெஞ்சில் உங்கள் யூனிட் பேர் போடுகிறோம். ஓட்டு மட்டும் உங்களுக்கும் ஒன்றுதான்.

பனியன்காரன்

ஜெர்சி தைத்துத் தருகிறேன், காசு வேண்டாம். மூன்றாவது வருஷம் டிவிஷன் ஏறும்போது இந்தப் பேச்சை மறுபடி எடுப்பேன்.

பவானிக்காரி

விதிமுறையை நான் எழுதித் தருகிறேன். பாதி ஆட்டத்துக்கு வராதவருக்கு ஓட்டு இல்லை. நஷ்ட வருஷத்தில் ஒரு பங்குக்கு எவ்வளவு போட வேண்டும் என்பது முதல் பக்கத்திலேயே இருக்கும். அதைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

கோல்போஸ்ட்

பசங்களுக்குக் காலை 6 முதல் 8 வரை. அதையும் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள், அக்கா.