புதுப்பிப்பு: நீல நிறம் வராததற்கான காரணம் பிடிபட்டது

ருத்தேனியம் டிரிஸ்பைபிரிடின் என்ற, ஒளியை உறிஞ்சும் ஆரஞ்சு நிற உலோகச் சேர்மத்தின் கரைசலில், எலக்ட்ரானைப் பெற்றால் நீலமாகும் மெத்தில் வயலோஜனைச் சேர்த்து நீல ஒளியைப் பாய்ச்சியும் நிறம் மாறவில்லை என்றும், எனவே எலக்ட்ரான் இடம்பெயரவே இல்லை என்றும் இந்த இழையில் முன்பு எழுதியிருந்தேன். அந்த முடிவு தவறு.

சுமார் 450 நானோமீட்டர் ஒளியை உறிஞ்சியதும், ருத்தேனிய உலோகத்திலிருந்து ஓர் எலக்ட்ரான் அதனுடன் பிணைந்திருக்கும் பைபிரிடின் மூலக்கூறுக்கு (ஈனிக்கு) தாவுகிறது. காற்று நீக்கிய நீரில் ஏறத்தாழ 600 நானோவினாடி நீடிக்கும் அந்தக் கிளர்ச்சி நிலை (ஆற்றல் ஏறிய நிலை), எலக்ட்ரானை வயலோஜனுக்குக் கொடுத்துவிடுகிறது. ஆனால் எலக்ட்ரானை இழந்த (ஆக்சிஜனேற்றமடைந்த) ருத்தேனியம் அதை உடனே திரும்பப் பறித்துக்கொள்வதால், கண்ணுக்கு எதுவும் தெரிவதில்லை. போதாக்குறைக்கு, கரைந்திருந்த ஆக்சிஜன் கிளர்ச்சி நிலையையும் தணித்தது, எலக்ட்ரானைப் பெற்று உருவான நீல வயலோஜன் தனியுறுப்பையும் அழித்தது.

இம்முறை எலக்ட்ரானைக் கொடுக்கும் ஈடிடிஏ என்ற சேர்மத்தைச் சேர்த்து, ஆக்சிஜனை வெளியேற்ற நைட்ரஜனை 20 நிமிடம் குமிழவிட்டபின் ஒளியூட்டினேன். ருத்தேனியத்தின் இழப்பை ஈடிடிஏ ஈடுசெய்துவிட, ஆரஞ்சுக் கரைசல் விளக்கை ஒட்டிய பக்கத்திலிருந்து பச்சை கலந்த நீலமாக மாறிற்று. மூடியைத் திறந்து குலுக்கியதும் பழைய ஆரஞ்சு நிறமே திரும்பியது. (மெத்தில் வயலோஜன்தான் பாராகுவாட் களைக்கொல்லி, செய்துபார்ப்போர் கையுறையின்றித் தொட வேண்டாம்.)

ஈடிடிஏ செலவழிந்து தீரும் பொருள் என்பதால், இதை ஒளிச்சேர்க்கை என்று அழைக்க எனக்கு இன்னும் மனமில்லை. அந்த எலக்ட்ரானை நீரிலிருந்தே பெற ஒரு வினையூக்கி வேண்டும்.