பதினோரு மாசம் நிற்கப்போகிற வண்டி

சார்ஜா:
அண்ணன்மாருக்கு வணக்கம். வேலை சார்ஜாவுல, வீடு கேரளாவுல இடுக்கிப் பக்கம் பூப்பாறை. வருசத்துக்கு முப்பது நாள் லீவு, அதுவும் ஆனி ஆடிச் சாரல்ல. போடிமெட்டு, சூரியநெல்லி, மறையூர்னு சுத்த ஹிமாலயன் 450, எக்ஸ்பல்ஸ் 200 4வி, வி-ஸ்ட்ராம் எஸ்எக்ஸ் மூணு பைக்குல எதை நம்பி எடுக்கலாம்? உயரம் அஞ்சரை அடி.

போடி:
தம்பி, முப்பது நாள் எப்படி ஓடும்ங்கிறதை அப்புறம் பார். பதினோரு மாசம் எப்படி நிற்கும், நின்னதை யார் கையில குடுத்து எழுப்புவே, அதை முதல்ல பார். தேனியிலோ கட்டப்பனையிலோ எந்தக் கம்பெனி சர்வீஸ் பக்கம்னு விசாரி. கிளட்ச் கேபிள், பிரேக் பேடு, ஏர் ஃபில்டர் கையிருப்புல இருக்கான்னு பார்ட்ஸ் கவுண்டருக்கு ஃபோன் போடு. ஆர்டர் போட்டுத்தான் வரணும்னா உன் லீவுல பாதி அங்கேயே போயிடும்.

சீட் உயரம் மூணுக்குமே 825, 835 மில்லிமீட்டர்தான். உனக்கு முன்பாதம்தான் ஊன்றும். வித்தியாசம் எடையில. ஹிமாலயன் 196 கிலோ, வி-ஸ்ட்ராம் 167, எக்ஸ்பல்ஸ் அதைவிடக் குறைவு. போடிமெட்டுல 17 கொண்டை ஊசி. வளைவுக்கு நடுவுல எதிரே பஸ் வந்து நிக்க வேண்டி வந்தா, உள்பக்கம் ரோடு சரிஞ்சு கிடக்கும், கால் எட்டாது. பின்னால ஆளும் பையும் இருந்தா ஹிமாலயனோட கூடுதல் 30 கிலோ அங்கேதான் தெரியும். வருசம் முழுக்க வலப்பக்கம் கார் ஓட்டினவனுக்கு முதல் ரெண்டு நாள் வளைவுல கை தானா வலதுக்கு இழுக்கும், அதையும் மனசுல வை.

அடுத்து டயர். வி-ஸ்ட்ராம் அலாய் வீல், டியூப்லெஸ். ஆணி ஏறினா பஞ்சர் கயிறு சொருகி, காத்தடிச்சு பத்து நிமிசத்துல கிளம்பலாம். எக்ஸ்பல்ஸ் ஸ்போக், டியூப். சக்கரத்தைக் கழட்டணும், டயர் லீவர் ரெண்டு வேணும். முன்சக்கரம் 21 இஞ்சு. மலைக்கடையில அந்த டியூப் இருக்கும்னு நம்பாதே. ஒரு 21 டியூப் பையில வெச்சுக்க. அவசரம்னா 18 இஞ்சு பின்சக்கரத்துலயும் அதைத் திணிச்சு மெதுவா ஊர் சேரலாம். ஹிமாலயன்ல டியூப்லெஸ் ஸ்போக் 2024-லதான் வந்தது, பழசு வாங்கினா பார்த்து வாங்கு.

தாரும் எஸ்டேட் பாதையும் கலந்து ஓட்டறதுன்னா என் ஓட்டு வி-ஸ்ட்ராமுக்கு. கல்லும் சேறும்தான்னா எக்ஸ்பல்ஸ்.

குமுளி:
நிறுத்தி வெக்கிற முறையையும் கேட்டுக்கங்க தம்பி. வீட்ல யாராவது ரெண்டு வாரத்துக்கு ஒருக்கா 15 கிலோமீட்டர் ஓட்டினாலே போதும். ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிசத்துல ஆஃப் பண்றது கெடுதல். இன்ஜின் முழுசாச் சூடாகாது, உள்ளே வேர்த்த தண்ணி ஆயில்லயும் சைலன்சர்லயும் தங்கிடும், பேட்டரியும் ஏறாது.

ஓட்ட ஆளே இல்லேன்னா புது ஆயில் ஊத்தி நிறுத்துங்க. இ20 பெட்ரோல், அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது, காத்துல இருக்கிற ஈரத்தை இழுக்கும். பாதி டேங்கோட நம்ம மஞ்சுல நின்னா தண்ணி பிரிஞ்சு அடியில தங்கும், பம்பு அங்கேதான் இருக்கு. டேங்க் நிறைய அடிச்சு, பெட்ரோல் கெடாம இருக்க ஸ்டெபிலைசர் ஊத்தி, பத்து கிலோமீட்டர் ஓட்டிட்டு நிறுத்துங்க. பேட்டரியில நெகட்டிவை முதல்ல கழட்டி, வீட்டுக்குள்ள வெச்சு மாசாமாசம் சார்ஜ் ஏத்தச் சொல்லுங்க, 12.4 வோல்ட்டுக்குக் கீழ போகக் கூடாது. பிரேக் ஆயில் ஓடலைன்னாலும் ரெண்டு வருசத்துல மாத்தணும்.

தேனியில விலை பார்த்துத் தமிழ்நாட்டு நம்பர் எடுத்துடாதீங்க. 12 மாசத்துக்கு மேல கேரளாவுல வெச்சா மோட்டார் வாகனச் சட்டம் 47-ஆம் பிரிவுப்படி இங்கே மறுபதிவு பண்ணணும், டாக்சும் கட்டணும். அப்புறம், சொந்தச் சேத இன்சூரன்ஸ் முடிஞ்சு 90 நாள் தாண்டினா கிளெயிம் வாங்காததுக்குக் கிடைக்கிற தள்ளுபடி, அந்த நோ கிளெயிம் போனஸ் போயிடும், அங்கிருந்தே புதுப்பிச்சிடுங்க.

சைலன்சர் வாயில குளவி மண்கூடு கட்டும். துணி அடைச்சு வையுங்க. அடைச்சதும் சாவியில "துணி"ன்னு ஒரு சீட்டு எழுதிக் கட்டிடுங்க.